ஆறாம் நம்பர் பச்சையாகத்தான் இருந்தது

உட்காருங்க அக்கா. இடம் சும்மாதான் இருக்கிறது. இவள் கால் உங்கள் மேல் பட்டால் கோபித்துக்கொள்ளாதீங்க, நல்ல தூக்கம். பஸ் ஏறினதிலிருந்து கண்ணே திறக்கவில்லை.

அதோ, முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, ஊதாச் சேலை, அவர் உட்கார்ந்திருந்த இடம்தான் இது. நான் பல்லடத்தில் ஏறினேன். வேறு எங்கேயும் இடம் இல்லை, இங்கே வந்து உட்கார்ந்தேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மடியில் இவளைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கண்டக்டர்கூட, "ஏம்மா, உக்காந்துட்டு வந்தவங்க எதுக்கு நிக்கறீங்க?" என்று கேட்டார். இத்தனை பேர் பார்க்க எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க.

நான் இப்படி யாரிடமும் பேசுகிறவள் இல்லை. கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நிற்கிற ஜாதி நான். உனக்கு வாயில் நாக்கு இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். இன்றைக்கு மனசு நொந்துபோய்விட்டது, அதுதான் பேசுகிறேன்.

தெரிந்தவரா என்றா கேட்கிறீங்க? அமராவதி அக்கா. நாங்கள் ஒரே ஹேச்சரியில் வேலை செய்தோம். முட்டையை மெஷினில் வைத்துக் குஞ்சு எடுக்கிற இடம். கறிக்கோழிக் குஞ்சு. மெஷின் ஒவ்வொன்றும் ஒரு வீட்டு அறை அளவு இருக்கும், உள்ளே தட்டுத் தட்டாக முட்டை.

நான் முதலில் குஞ்சு பிரிக்கிற மேஜையில் இருந்தேன். பொரிந்து வருகிறதில் நல்லதைப் பெட்டியில் போட வேண்டும். கால் வளைந்தது, தொப்புள் ஆறாதது, நோஞ்சான், இதெல்லாம் பக்கத்து டிரம்முக்கு. டிரம் நிறைந்தால் மூடியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே கொஞ்ச நேரம் சத்தம் கேட்கும், அப்புறம் கேட்காது. புதிதாக வருகிற பெண்கள் சோறு இறங்காமல் அழுவார்கள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. நாமா அதை நோஞ்சான் ஆக்கினோம்? சொன்னதைச் செய்கிறோம். "துளசிமணி கை நடுங்காது" என்று மேனேஜர் சென்னியப்பன் சாரே சொல்லியிருக்கிறார்.

இவள் பிறந்து நான் திரும்ப வேலைக்கு வந்தபோது அமராவதி அக்காதான் சாரிடம் போய் எனக்காகப் பேசினார். "பால் குடுக்கிற புள்ளைங்க சார், நாள் முச்சூடும் நிக்க வெக்காதீங்க. கம்ப்யூட்டர் முன்னால உக்கார ஆள் வேணும்னீங்களே, இவளை உக்கார வைங்க" என்று. அப்படித்தான் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஏசி ரூம். குஞ்சுப் பெட்டியில் துணி விரித்து இவளைப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்வேன். அக்கா தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து தூக்கிக்கொண்டு போய் ரசம் சோறு பிசைந்து ஊட்டுவார். "பெரிம்மா" என்றுதான் இவள் முதலில் பேசினாள், "அம்மா" அப்புறம்தான் வந்தது. அதையெல்லாம் நான் மறைக்கவில்லையே. உங்களிடமே சொல்கிறேன் இல்லையா?

வேண்டாங்க, பிஸ்கட் சாப்பிட மாட்டாள். காலையிலிருந்தே எதுவும் வேண்டாம் என்கிறாள். வெயில் காலம் பாருங்க.

அந்தக் கம்ப்யூட்டரைக் கோயமுத்தூரிலிருந்து திலீபன் அண்ணா வந்து வைத்தார். நல்ல மாதிரி மனுஷன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கேம்மா. காவலுக்கு ஆள் போட்ட மாதிரின்னு நெனச்சுக்க. அது அடிக்கடி போய்ச் சூட்டைப் பாக்கும். பாத்துட்டு, வேலையை முடிச்சுக் கிளம்பறப்ப ஒரு நம்பரைச் சொல்லிட்டுப் போகும். சைபர்னா நல்லாயிருக்கு. ஒண்ணுன்னா கவனிக்கணும். ரெண்டுன்னா ஆபத்து. மூணுன்னா, என்னால பாக்க முடியலைன்னு அர்த்தம். சர்வர் அந்த நம்பரை மட்டும் வாங்கி, பச்சை, மஞ்சள், சிவப்பு, சாம்பல்னு உனக்குக் காட்டும்."

"பக்கத்துல இங்கிலீஷ்ல ஒண்ணு வருதுங்களே அண்ணா?"

"அது ஸ்கிரிப்ட் வாயால சொல்ற விவரம். எத்தனை சூடு, என்ன ஆச்சுன்னு. மனுஷங்க படிக்கிறதுக்கு. சர்வர் அதைக் காதுலயே போட்டுக்காது."

நான் அஞ்சாவது வரைக்கும்தான். இங்கிலீஷ் படிக்க வராது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கே புரிந்துவிட்டது. "நிறத்தைப் பாரு, போதும்" என்றார். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று மெஷின் முகப்பில் சூடு காட்டுகிற பெட்டிகள் கெட்டபோது சார் சரி பண்ணவில்லை. அலறுகிற மணியையும் கழற்றிவிட்டார்கள். எல்லாம் என் ஸ்கிரீன்தான்.

ஒரு முறை மஞ்சள் வந்தது. பயந்துபோய்ச் சாருக்கு ஃபோன் போட்டேன். அவர் முதலாளி மகள் நிச்சயதார்த்தத்தில் இருந்தார். அங்கிருந்தே கத்தினார். "மஞ்சளுக்கெல்லாம் ஃபோன் போடுவியா? செவப்பு வந்தா போடு. பச்சைல இருக்கறப்ப எவளாச்சும் கூப்பிட்டீங்க, அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுரும்!" பக்கத்தில் நாலு ஆம்பளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் அந்த ஃபோனைத் தொடவே கை கூசும்.

கொஞ்ச நாள் கழித்து, மெஷினின் சூடு தன் செல்லுக்கும் வர வேண்டும் என்று முதலாளி கேட்டார். திலீபன் அண்ணா வந்து, ஆறாம் நம்பருக்கு மட்டும் முதலில் போட்டுப் பார்க்கிறேன் என்று அந்த ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். சூட்டைப் பார்த்து முடித்ததும் அதை முதலாளிக்கு எழுதி வைக்கிற வரி; செல்லுக்கு அனுப்புகிறதை அடுத்த முறை வந்து சேர்க்கிறேன் என்றார். "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று சார் பின்னாலேயே நின்றார். அண்ணா அவசரமாகக் கிளம்பிவிட்டார். ஸ்கிரீனில் ஆறாம் நம்பர் பச்சை. எப்போதும் பச்சை. வேறு மெஷின் ஏதாவது மஞ்சளுக்குப் போய் வரும், இது அசையவே அசையாது. எனக்கு ரொம்பப் பிடித்த மெஷின் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

மெஷின் ஹாலுக்குள் போகிறவர்கள் தலையோடு குளித்து, கம்பெனி உடுப்பு மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். முட்டைக்கு நோய் வந்துவிடக் கூடாதே. வெளியே ஒரு எட்டு வைத்துவிட்டால் திரும்பக் குளித்தால்தான் உள்ளே. செல் கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று, மெஷின் கதவை யாரும் இஷ்டத்துக்குத் திறக்கக் கூடாது. நான் சாரிடம் கேட்டுச் சொன்னால்தான் திறக்கலாம்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா ஹாலுக்குள்ளேயிருந்து என் ரூம் கண்ணாடி ஜன்னலைத் தட்டினார். ஆறு என்று விரலைக் காட்டினார். நான் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கிறது என்று கையைக் காட்டினேன். மறுபடி தட்டினார். மறுபடி காட்டினேன். வெளியே வந்துவிட்டார்.

"அம்மணி, ஆறாம் நம்பர்ல அனல் அடிக்குது. கதவுல கை வெக்க முடியல. சாருக்கு ஃபோன் போடு."

"பச்சைங்க அக்கா."

"பச்சையா இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் கையை வெச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன். உள்ள காத்தாடி நின்னுருச்சாட்ட இருக்குது. நாளைக்குப் பொரிக்கிற மெஷினுக்கு மாத்தற முட்டை சாமி அது, குஞ்சு முழுசா இருக்கும்."

"பச்சைக்குக் கூப்பிட்டா சார் வைவாருங்க."

"பக்கத்துல என்னமோ நீளமா எழுதிக் கெடக்குதே. முந்தியெல்லாம் இத்தினியூண்டுதான இருக்கும்?"

நீளமாகத்தான் இருந்தது. நானும் காலையிலேயே பார்த்தேன். "அது வெறும் வாய்ப்பேச்சுங்க அக்கா, சர்வரே காதுல போட்டுக்காது" என்றேன். திலீபன் அண்ணா சொன்னதைத்தான் சொன்னேன்.

"அப்ப ஃபோனை எங்கிட்டக் குடு. வசவை நான் வாங்கிக்கறேன்."

கொடுத்திருக்கலாம். ஆனால் இவள் என் கை மேல் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. என்னைத் தவிர யாரும் ஃபோனைத் தொடக் கூடாது என்று சாரும் சொல்லியிருக்கிறார். குனிந்து இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா போய்க் குளித்துவிட்டு உள்ளே போனார். திரும்ப வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "இப்பவாச்சும் போடு அம்மணி" என்றார். பச்சை. நான் என்ன செய்ய? மறுபடி போய்க் குளித்தார். அன்றைக்கு அந்தத் தலைமுடி காயவே இல்லை. கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தானே திறந்துவிட்டார். ஹாலில் கதவு திறந்தால் தனியாக ஒரு விளக்கு எரியும், அது எரிந்தது. அப்போதும் ஆறாம் நம்பர் பச்சைதான்.

அடுத்த நாள் தட்டை வெளியே இழுத்தார்கள். அத்தனையும் போய்விட்டது. உள்ளேயே வெந்து.

முதலாளி வந்தார். ஆபீஸ் ரூமில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். சென்னியப்பன் சார் முகத்தில் ஈயாடவில்லை. மணியைக் கழற்றினவர் அவர்தானே. "ஸ்கிரீன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. இந்தம்மா கேக்காம கொள்ளாம கதவைத் தொறந்ததுதான் தப்பு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏம்மா, ஆறாம் நம்பர் என்ன நிறத்துல இருந்துச்சு?"

"பச்சைங்க சார்."

"கதவைத் தொறக்கச் சொல்லி நீ சொன்னியா?"

"இல்லீங்க சார்."

"முடிஞ்சுது."

அமராவதி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மணி, நான் வந்து வந்து சொன்னதைச் சொல்லு. ஒரு வார்த்தை சொல்லு சாமி" என்றார். முதலாளியும் என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனுஷர் முன்னால், கேட்காததை நானாக எப்படிப் பேசுவது? நிறம் கேட்டார்கள், சொன்னேன். கதவு கேட்டார்கள், சொன்னேன். ஒரு பொய் இருக்கிறதா அதில்? நீங்களே சொல்லுங்க. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வியர்த்துக்கொட்டியது. என் கஷ்டம் யாருக்குத் தெரிந்தது?

"நீ செஞ்சதை நீயே ஒடச்சுக் காட்டுடி" என்று சார் சொல்லிவிட்டார். என் ரூம் கண்ணாடிக்கு நேர் எதிரே அக்காவை உட்கார வைத்து, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டச் சொன்னார்கள். உடைத்தால் உள்ளே முழுக்குஞ்சு. மஞ்சள் முடி, மூக்கு, நகம் எல்லாம் வந்தாயிற்று. கண் மூடி, சுருண்டு. அக்கா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். டிரம்மில் வீசினால் வேலை சீக்கிரம் ஆகும், அவருக்கு அது தெரியவில்லை. பொழுது சாயும்வரை உடைத்தார். நாற்றம் ஏசி ரூமுக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் வேலையை விட்டு அனுப்பினார்கள். காம்பவுண்டுக்குள்ளேயே லைன் வீடு கொடுத்திருந்தார்கள், அதையும் காலி பண்ணச் சொன்னார்கள். அவருடைய வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் கிடந்தவர். "மாசி போகட்டுமுங்க சார், அவரைத் தூக்கிட்டு எங்கீங்க போவேன்" என்று அக்கா சாரின் காலில் விழுந்தார். சார் காலை இழுத்துக்கொண்டார். கட்டிலோடு அந்த மனுஷரைத் தூக்கிக் குட்டியானை வண்டியில் வைத்தார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இவள் "பெரிம்மா, பெரிம்மா" என்று ஒரே அழுகை. வெளியே கேட்டால் அக்காவுக்குச் சங்கடம் என்று இவள் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த வீட்டில்தான் இப்போது நாங்கள் இருக்கிறோம். நான் கேட்கவில்லை. சாராகக் கொடுத்தார். வேண்டாம் என்றால் வேறு யாருக்காவது போயிருக்கும், அக்காவுக்கா திரும்பக் கிடைத்திருக்கும்? நல்ல வீடு. அந்த மனுஷர் பிடித்து எழுந்து உட்காருவதற்காக உத்திரத்திலிருந்து அக்கா ஒரு கயிறு கட்டிவிட்டிருந்தார். அதை அவிழ்க்காமல் போய்விட்டார். இவளுக்கு அதில்தான் தொட்டில். கெட்டியான கயிறு.

திலீபன் அண்ணா அப்புறம் வந்தார். ஆறாம் நம்பர் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "துளசி, தப்பு என்னோடதும்மா" என்றார். "ஸ்கிரிப்ட் கடைசியா செஞ்ச வேலை எப்படி முடிஞ்சுதோ, அதோட நம்பரைத்தான் சொல்லிட்டுப் போகும். இது சூட்டைப் பாத்துச்சு. ஆபத்துன்னு எழுதவும் எழுதுச்சு. அதுக்கப்புறம் நான் ஒட்டின வரி முதலாளிக்குக் கணக்கு எழுதுச்சு. அந்த எழுத்து வேலை நல்லபடியா முடிஞ்சுது. அதனால சைபர்னு சொல்லிட்டுப் போயிருச்சு. ஆபத்துங்கிற நம்பரை முன்னாடியே பிடிச்சு வெச்சுக் கடைசில சொல்ல வெச்சிருக்கணும். வெக்கலை." அன்றைக்கு வந்த வரிகளையெல்லாம் மேலே ஓட்டிக் காட்டினார். காலையிலிருந்து மத்தியானம் முழுக்க, பச்சைக்குப் பக்கத்திலேயே, ஆபத்து, ஆபத்து என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம்.

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. நான் சொன்னது சரிதானே? பச்சைதானே?

"முதலாளிகிட்டப் போலாம் வா" என்றார் அவர். "நான் ஸ்கிரிப்ட் தப்பைச் சொல்றேன். அந்தம்மா உங்கிட்ட வந்து சொன்னதை நீ சொல்லு. ரெண்டும் சேந்தாத்தான் அவங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்." நான் வரவில்லை என்றேன். சரியாகிவிட்டது இல்லையா, இனிமேல் சிவப்பு ஒழுங்காக வரும் இல்லையா, முடிந்ததை எதற்குக் கிளற வேண்டும்? அவருக்கும்தானே கெட்ட பேர்? அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். தனியாகப் போய்ச் சாரிடம் சொல்லியிருக்கிறார். வெளியே சொன்னால் இந்தப் பக்கம் ஒரு ஹேச்சரியிலும் கால் வைக்க முடியாது என்று சார் மிரட்டினாராம். அப்புறம் அவரும் வாயைத் திறக்கவில்லை. பாருங்க, படித்த ஆம்பளையே திறக்கவில்லை, என்னை மட்டும் குறை சொன்னால்?

இத்தனைக்கும் அமராவதி அக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்குத்தான் மனசு பெரிசு இல்லை. இப்போது குடிமங்கலம் பக்கம் நூல் மில்லில் இருக்கிறாராம். நெற்றியில் பொட்டு இல்லை, கவனித்தீங்களா? பஸ் ஏறினபோதே பார்த்தேன். கட்டிலில் கிடந்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், அதற்குள் எழுந்து போய்விட்டார். கேட்டிருந்தாலும் என்ன நினைப்பாரோ. நமக்கெதற்கு.

எழுந்துவிட்டாயா கண்ணு? என்ன? யாரு? அட, கண்டுபிடித்துவிட்டாள் பாருங்க. கத்தாதே, கத்தாதே. பெரிம்மா வரமாட்டாங்க. குரல் கம்மியிருக்கிறது, தூக்கக் கலக்கம்.

வருகிறார். பாருங்க, இறங்கப் போனவர் திரும்பி வருகிறார். எனக்குத் தெரியும், குழந்தை கூப்பிட்டால் அவரால் இருக்க முடியாது. வாங்க அக்கா, உக்காருங்க.

கேட்டீங்களா? இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் உங்களிடம் சொல்கிறார். "கொழந்தை அனலாக் கொதிக்குது, அவகிட்டச் சொல்லுங்க" என்கிறார். நான் பக்கத்தில்தானே இருக்கிறேன், எனக்குக் காது கேட்காதா? இங்கேயே இறங்கினால் எதிரில் ஆஸ்பத்திரியாம், கூட வருகிறாராம். பெற்றவளுக்குத் தெரியாதா? காலையில் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தேனே, நல்லாத்தான் இருந்தாள். உடுமலையில் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து, நேரத்துக்குப் போகாவிட்டால் அண்ணி முகத்தைத் தூக்கிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் போய் அத்தனை பேருக்கு நடுவில் நான் என்ன பேசுவேன்? எனக்கு வராது அக்கா.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அமராவதி அக்கா இறங்கிவிட்டார். அப்பாடா.

ஐயோ, என்ன இது, பஸ்ஸைத் தட்டுகிறார் பாருங்க. கூடவே நடந்து வந்து ஜன்னலைத் தட்டுகிறார். அன்றைக்கு ஹாலில் தட்டின மாதிரியே. எல்லோரும் பார்க்கிறார்கள். மானம் போகிறது. இப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

போயிற்று. பஸ் வேகம் எடுத்துவிட்டது. வேண்டுமானால் நீங்களே தொட்டுப் பாருங்க, உங்களுக்கும் நிம்மதி. நெற்றியில் வையுங்க, கழுத்தில் வையுங்க. வெயிலில் உட்கார்ந்து வருகிறாள், அந்தச் சூடுதான்.

ஏன் அக்கா, கையை இப்படி வெடுக்கென்று எடுத்துக்கொண்டீங்க?